நரம்பு நோயோடு வாழ்பவருக்கு ஏற்புச் சிகிச்சை: முழுமையான வழிகாட்டி

“ஏத்துக்கங்க ஐயா, வேற வழி இல்லையே.” பக்கவாதம் வந்து நாலு மாதம் ஆன ஒருவரிடம், பயிற்சிக்குப் புதிதாக வந்த ஆலோசகர் முதல் நாளே சொன்னது இது. அவர் தலையை மட்டும் ஆட்டினார். அடுத்த வாரம் வரவில்லை. பிசியோவுக்கு வருவதையும் நிறுத்திவிட்டார் என்று பிறகு தெரிந்தது.

ஏற்பு–உறுதி சிகிச்சை, சுருக்கமாக ‘ஆக்ட்’: வேதனைக்கு இடம் விட்டபடியே, தனக்கு முக்கியமானதைச் செய்யப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை. பெயரிலேயே ஏற்பு முதலில் இருப்பதால் வேலையிலும் அதையே முதலில் கையில் எடுக்கிறார்கள். நான் செய்து பார்த்துக் கண்ட வரிசை வேறு. இவருடைய மூளையும் உடம்பும் இன்று எந்த நிலையில் இருக்கின்றன என்று முதலில் பார்க்க வேண்டும். அடுத்து, இவருக்கு எது முக்கியம் என்று கேட்க வேண்டும். அதிலிருந்து பத்து நிமிட வேலை ஒன்றைத் தொடங்க வேண்டும். அந்த வேலைக்குக் குறுக்கே வரும் வெட்கம், பயம், துக்கம் ஆகியவற்றுக்கு இடம் விடப் பழக்குவது அதற்கப்புறம்தான். ஏற்பு கடைசியில் வருகிறது, அதுவும் வேலைக்குத் தேவையான அளவு மட்டும்.

பக்கவாதம், பார்கின்சன் (நடுக்கமும் இறுக்கமும் கூடிக்கொண்டே போகும் மூளை நோய்) ஆகிய இரண்டையும் வைத்தே பெரும்பாலும் பேசுகிறேன். வலிப்பு, மோட்டார் நியூரான் நோய் (தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் படிப்படியாக அழியும் நோய்) போன்றவற்றுக்கு எங்கே மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன். ஆலோசகர்கள், சமூகப் பணியாளர்கள், செவிலியர்கள், பிசியோதெரபிஸ்டுகள் ஆகியோரை மனதில் வைத்து எழுதியது. ஆக்ட் பயிற்சி பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் செய்யுங்கள். வரும் உதாரணங்கள், ஆள் யாரென்று தெரியாதபடி மாற்றிச் சொன்னவை.

1. உட்கார்ந்து பேசுவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

மற்ற இடங்களில் ஆலோசனை என்றால் இரண்டு நாற்காலி போதும். இங்கே போதாது. மூளையே அடிபட்டிருக்கும்போது, மனக் கஷ்டம் போலத் தெரிவது பாதி நேரம் நோயின் அறிகுறியாகவோ மாத்திரையின் விளைவாகவோ இருக்கும். அதைப் பிரித்துப் பார்க்காமல் தொடங்கினால் பல வாரம் வீணாகும்.

மாத்திரை அட்டவணையை வாங்கிப் பாருங்கள். பார்கின்சன் உள்ளவர் லெவோடோபா என்ற மாத்திரையை எடுக்கும் நேரத்தைப் பொறுத்து, ஒரே நாளில் நன்றாக நடமாடும் நேரமும் உடம்பு இறுகிப் போகும் நேரமும் மாறி மாறி வரும். இறுகும் நேரத்தில் சிலருக்கு மனமும் சேர்ந்து இருளும், படபடப்பு வரும். மாத்திரை வேலை செய்யும் நேரத்தில்தான் சந்திப்பை வைக்க வேண்டும். இறுகிப் போன நேரத்தில் உட்கார வைத்து “என்ன தோணுது?” என்று கேட்டால், மருந்து குறைந்ததன் பதில்தான் வரும்.

சில மாத்திரைகள் குணத்தையே மாற்றும். பார்கின்சனுக்குத் தரும் டோபமின் வகை மருந்துகளால் சிலருக்குச் சீட்டாட்டம், அளவில்லாத செலவு என்று கட்டுப்படுத்த முடியாத உந்துதல் வருவதுண்டு. வலிப்புக்குத் தரும் லெவெடிராசெட்டம் சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் கூட்டும். இவற்றைப் பேசித் தீர்க்கப் பார்க்காதீர்கள். எழுதிக் கொடுத்த டாக்டரிடம் அனுப்புங்கள். மாத்திரையை வீட்டார் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

முகத்தைப் பார்த்து எடை போடாதீர்கள். பார்கின்சனில் முகத் தசைகள் அசைவது குறைந்துவிடும். உள்ளே சந்தோஷமாக இருப்பவரும் சோகமாகத் தெரிவார். தூக்கமின்மை, சோர்வு, அசைவு மெதுவாவது இவை எல்லாம் மனச்சோர்வுப் படிவங்களில் மதிப்பெண்ணைக் கூட்டும், ஆனால் நோயே அவற்றைக் கொடுத்திருக்கலாம். அதனால் படிவத்தின் கூட்டுத்தொகையோடு நிறுத்தாமல், “முன்னாடி பிடிச்சது இப்பவும் பிடிக்குதா?” என்று தனியாகக் கேளுங்கள்.

மூன்று நிலைகளைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இவற்றில்தான்.

திடீர் அழுகை: பக்கவாதத்துக்குப் பிறகு சிலர் சின்ன விஷயத்துக்குக்கூடக் குபீரென்று அழுவார்கள், பேச்சை மாற்றினால் சட்டென்று நின்றுவிடும். மூளையில் உணர்ச்சியைக் கட்டுப்படுத்தும் பாதை அடிபட்டதால் வருவது அது. “அழுங்க, வெளியே வரட்டும்” என்று குடைந்தால் அவருக்கு அவமானம்தான் மிஞ்சும். “இது மூளை போடுற அழுகைம்மா, வரும், போயிரும்” என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடருங்கள். அடிக்கடி வந்தால் இதற்கு மருந்து உண்டு, டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

முனைப்பின்மை: சோகமே இருக்காது, ஆனால் எதையும் தானாகத் தொடங்க மாட்டார். வீட்டில் ‘சோம்பேறி ஆயிட்டார்’ என்பார்கள். தொடங்கி வைக்கும் விசை மூளையில் பழுதாகியிருக்கிறது. இவரிடம் வாழ்க்கையின் அர்த்தத்தைப் பற்றி எவ்வளவு பேசினாலும் கால் நகராது. அலாரமோ ஆளோ வெளியிலிருந்து தொடங்கி வைக்க வேண்டும்.

தெரியாமை: கை வரவில்லை என்பதே தெரியாதவர்கள் உண்டு, முக்கியமாக மூளையின் வலப்பக்கம் அடிபட்டவர்களில். மறுக்கிறார், உண்மையை ஏற்க மாட்டேன் என்கிறார் என்று எழுதிவிடாதீர்கள். அந்தத் தகவல் அவருடைய மூளைக்கே போய்ச் சேரவில்லை.

பிறகு, பேச்சும் நினைவும் எவ்வளவு தாங்கும் என்று பாருங்கள். ஒரு சிறு வாக்கியத்தைச் சொல்லி, ஐந்து நிமிடம் வேறு பேசிவிட்டு, அதை நினைவிருக்கிறதா என்று கேளுங்கள். முறையான சோதனைக்கு இது ஈடாகாது. நீங்கள் எவ்வளவு சுருக்கமாகப் பேச வேண்டும் என்று தெரிந்துகொள்ள உதவும், அவ்வளவுதான். பேச்சு போனவரிடம் படம், சைகை, ஆம்–இல்லை அட்டை. அவர் சொல் தேடும்போது நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். பத்து விநாடி காத்திருங்கள். முதல் நாள் அது மிக நீளமாகத் தெரியும்.

கடைசியாக, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் எண்ணம் வந்துவிடாது. உண்டு என்றால் இந்த வழிகாட்டியை மூடி வைத்துவிட்டு, அன்றைக்கே மனநல மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். இந்தியா முழுவதும் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணில் எந்த நேரமும், தமிழிலும் பேசலாம்.

கையில் இருக்க வேண்டிய பொருள்கள் கொஞ்சம்தான்: தபால் அட்டை அளவில் வெள்ளை அட்டைகள், தடித்த மார்க்கர், பெரிய எழுத்தில் தேதி போட்ட ஒரு நோட்டு. நேரம் 30 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நரம்பு நோயில் வரும் சோர்வு, நாள் முழுக்க வேலை செய்த சோர்வு மாதிரி இல்லை. வந்தால் அன்றைய பேட்டரி அவ்வளவுதான்.

2. ‘ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்ற சொல்லை எடுத்து வையுங்கள்

தமிழில் ‘ஏத்துக்கோ’ என்பது யார் வாயிலிருந்து வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். கடன் கொடுத்தவரும், இடமாற்றம் போட்ட அதிகாரியும், சம்பந்தி வீட்டாரும் சொல்வது அது. வாயை மூடிக்கொள், விதி என்று இரு என்பதுதான் காதில் விழும் பொருள். நோயாளி அதைச் சொந்தக்காரர்களிடம் ஏற்கெனவே நூறு முறை கேட்டிருப்பார்.

ஆக்டில் ஏற்பு என்பது உள்ளே எழும் உணர்வைத் தள்ளாமல் இடம் விடுவது. நோயிடம் தோற்றுப்போவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பக்கவாதத்தில் முதல் மூன்று மாதங்களில் மீட்சி வேகமாக இருக்கும், பிறகும் மெதுவாகத் தொடரும். அந்தக் காலத்தில் ‘ஏற்றுக்கொள்’ என்ற சொல் காதில் விழுந்தால் பிசியோவை விட்டுவிடலாம் என்று புரிந்துகொள்பவர் உண்டு. மேலே சொன்னவருக்கு நடந்தது அதுதான்.

நான் சொல்வது: “இந்த வேதனை கூடவே இருக்கட்டும், நாம அதுக்காக இதை நிறுத்த வேண்டாம்.” சிலருக்கு “பக்கத்து சீட்ல உட்காரட்டும்” என்றால் சட்டென்று பிடிபடும். உங்கள் ஊர்ப் பேச்சில் எது பொருந்துகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

3. முதல் சந்திப்பு: இதுவரை என்னென்ன செய்து பார்த்தார்

அறிவுரை எதுவும் இல்லாமல் ஒரே ஒரு கேள்வி. “இந்தக் கஷ்டம் தெரியாம இருக்க இதுவரைக்கும் என்னெல்லாம் செஞ்சு பாத்தீங்க?” நோட்டில் மூன்று பத்தி போட்டு எழுதுங்கள்: செய்தது, உடனே கிடைத்த நிம்மதி, அதற்குக் கொடுத்த விலை.

பார்கின்சன் வந்த ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர். அறுபது தாண்டியவர், 30 வருடம் கூட்டத்தில் நின்று சீட்டு கிழித்தவர். வலது கை நடுங்க ஆரம்பித்ததும் அதன் மேல் துண்டைப் போட்டு மறைத்தார். அப்புறம் கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினார். அப்புறம் காலை டீக்கடை. கிளாஸ் நடுங்கி டீ சிந்தியபோது யாரோ பார்த்துவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டுத் திண்ணைக்குக்கூட வரவில்லை. மூன்றாவது பத்தியில் என்ன எழுதலாம் என்று கேட்டபோது வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “கை நடுங்குறதுக்குப் போனது கை மட்டும்தான். மறைக்கப் போய் எல்லாம் போச்சு” என்றார். இந்தப் படி எதற்கு என்பதற்கு அதைவிட நன்றாக நான் விளக்க முடியாது.

இங்கே நடக்கும் தவறு, நோயாளி சொல்லி முடிப்பதற்குள் நாமே ‘பாத்தீங்களா, ஒளிஞ்சதால என்ன ஆச்சு’ என்று முடிச்சுப் போடுவது. அது குற்றச்சாட்டாக விழும். அவர் செய்தது எல்லாமே அந்த நேரத்தில் நியாயமானவை. வைத்தியம் மாற்றியது, கோயில் கோயிலாகப் போனது, படுத்தே கிடந்தது, எதையும் பழிக்காதீர்கள். விலைப் பத்தியை அவரே நிரப்பட்டும்.

4. எது முக்கியம் என்று தோண்டி எடுப்பது

நேராக ‘உங்கள் லட்சியம் என்ன’ என்று கேட்டால் “கை சரியாகணும்” என்பார். நியாயமான ஆசை, ஆனால் அது நம் கையில் இல்லை. ஒரு படி உள்ளே போக வேண்டும்: “கை சரியாயிட்டா முதல்ல என்ன செய்வீங்க? அதை யாருக்காகச் செய்வீங்க?”

கண்டக்டர் சொன்னது: டீக்கடைக்குப் போவேன். எதற்கு? டீக்காகவா? இல்லை. விடிகாலையில் நாலு பேர் கூடி பேப்பரை உரக்கப் படித்து வாதம் செய்வார்கள், அதில் இவர் குரல்தான் பெரியது. அவருக்கு முக்கியம் ஊர்ப் பேச்சில் தனக்கொரு இடம் இருப்பது.

பக்கவாதத்தில் வலது கையும் பாதிப் பேச்சும் போன இன்னொரு அம்மா, பூக்கட்டிப் பழகியவர். வெள்ளிக்கிழமைதோறும் தெருக்கோடி அம்மனுக்கு இரண்டு முழம் கட்டிக் கொடுப்பது வழக்கம். கை போன பிறகு வீட்டுக்குள் பூவே வரக் கூடாது என்று சைகையில் சொல்லிவிட்டார். அவரிடம் கேள்வி கேட்டு எடுக்க முடியாது. வீட்டில் இருந்த பழைய புகைப்படங்களை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் காட்டினோம். திருவிழாப் படத்தில் கை நின்றது.

இலக்குக்கு முடிவு உண்டு, முக்கியமானதற்கு முடிவு கிடையாது. இந்த வேறுபாட்டை நீங்கள் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள், நோயாளிக்கு வகுப்பு எடுக்க வேண்டாம். உடம்பு மாறிக்கொண்டே போகும் நோயில் இலக்குகள் ஒவ்வொன்றாக உடையும். முக்கியமானது எது என்று தெரிந்திருந்தால் அதற்கு வேறு உருவம் கொடுக்கலாம்.

குடும்பம் பக்கத்தில் இருக்கும்போது இதைக் கேட்காதீர்கள். பிள்ளைகள் எதிரில் எல்லா அப்பாவும் “நீங்க நல்லா இருந்தாப் போதும்” என்றுதான் சொல்வார்.

5. தடையை இரண்டாகப் பிரிப்பது

டீக்கடைக்குப் போக எது தடுக்கிறது? ஒரு தாளை நடுவில் மடியுங்கள். இடது பக்கம் உடம்புத் தடை: கிளாஸ் வழுக்குகிறது, பெஞ்சிலிருந்து எழ முடியவில்லை, காலை ஆறு மணிக்கு மாத்திரை இன்னும் வேலை செய்யவில்லை. வலது பக்கம் மனத் தடை: பார்ப்பார்கள், பாவம் என்பார்கள், சின்னப் பையன் மாதிரி ஆகிவிட்டேன்.

இடது பக்கத்துக்கு ஆக்ட் தேவையில்லை. பிசியோவும், அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் தொழில்வழி சிகிச்சையாளரும் யோசிக்க வேண்டிய இடம். கிளாசுக்குப் பதில் கைப்பிடி வைத்த கப், அரை அளவு டீ, சுவரோரமாக உயரமான இருக்கை, ஆறுக்குப் பதில் ஏழே கால். இவை எளிதில் தீரும். தீர்க்க வேண்டியதைத் தீர்க்காமல் ‘பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்பது கொடுமை. வலது பக்கத்தில் மிஞ்சுவது மட்டுமே நம் வேலை.

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். நானும் ஆரம்பத்தில் ஒரு பெண்மணியிடம் வெளியே போகும் பயத்தைப் பற்றி மூன்று சந்திப்பு பேசினேன். நாலாவது முறைதான் தெரிந்தது, அவசரமாகச் சிறுநீர் வரும், போகும் வழியில் எங்கும் கழிப்பறை இல்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டிருக்கிறார். நான் கேட்கவே இல்லை.

6. பத்து நிமிட வேலை

முக்கியமானதிலிருந்து இந்த வாரம் செய்யக்கூடிய மிகச் சிறிய வேலை ஒன்று. பத்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும். “பத்துக்கு எத்தனை நம்பிக்கை, இதைச் செஞ்சிருவீங்கன்னு?” என்று கேளுங்கள். எட்டுக்குக் கீழே சொன்னால் வேலையை இன்னும் சிறிதாக்குங்கள். நரம்பு நோயில் ஒரு தோல்வி பத்து வெற்றியை அழித்துவிடும், ஏனென்றால் ‘உடம்பு முடியாது’ என்பதற்கு அது சாட்சியாகிவிடும்.

என்ன, எங்கே, எத்தனை மணிக்கு, யார் நினைவூட்டுவார் என்று நான்கையும் அட்டையில் எழுதுங்கள். திட்டமிடும் திறன் குறைந்தவரிடம் ‘நேரம் கிடைக்கும்போது’ என்று விட்டால் நடக்காது. மாத்திரை, குளியல் என்று ஏற்கெனவே இருக்கும் பழக்கத்தோடு கட்டிவிடுங்கள்.

கண்டக்டரின் முதல் அட்டை: செவ்வாய், ஏழே கால், டீக்கடை, மகன் கொண்டுபோய் விடுவார், ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வருவது. டீ குடிப்பது அதில் இல்லை. முதல் வாரம் உட்கார்ந்து வந்தாலே போதும்.

7. எண்ணத்திலிருந்து ஒரு அடி தள்ளி நிற்பது

வேலை குறித்தாகிவிட்டது என்றதும் மனம் பேச ஆரம்பிக்கும். நரம்பு நோயில் இந்த எண்ணங்களுக்கு ஒரு சிறப்பு உண்டு, பல நேரம் அவை உண்மை. ‘இது முழுசா குணமாகாது.’ ‘போகப்போக மோசமாகும்.’ பார்கின்சன் உள்ளவரிடம் இதற்கு ஆதாரம் காட்டுங்கள் என்று வாதம் செய்தால் அவர்தான் ஜெயிப்பார். எண்ணம் சரியா தவறா என்று பார்க்கும் முறைகள் இங்கே தடுமாறுவது இதனால்தான். ஆக்ட் கேட்கும் கேள்வி வேறு: இந்த எண்ணத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் அது உங்களை எங்கே கொண்டுபோய் விடுகிறது? டீக்கடைக்கா, கட்டிலுக்கா?

பயிற்சி இது. எண்ணத்தை அவர் சொல்ல, நீங்கள் அட்டையில் பெரிதாக எழுதுங்கள். அட்டையை அவர் முகத்துக்கு நேரே, மூக்கைத் தொடும் அளவுக்குப் பிடிக்கச் சொல்லுங்கள். “இப்ப நான் தெரியுறேனா?” தெரியாது. அப்படியே மடியில் வைக்கச் சொல்லுங்கள். அட்டை அங்கேயேதான் இருக்கிறது, எழுத்தும் மாறவில்லை, ஆனால் இப்போது எதிரில் இருப்பவர் தெரிகிறார். பேச்சு போனவருக்கும் இது புரியும்.

பேச முடிகிறவருக்கு: ‘நான் பாரம்’ என்பதை ‘நான் பாரம்னு என் மனசு சொல்லுது’ என்று மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள். மூன்று சொல்தான் கூடுகிறது, தூரம் கிடைக்கிறது.

உவமை சொல்வதானால் ஒன்றே ஒன்று, எல்லாச் சந்திப்பிலும் அதுவே. கண்டக்டரிடம் டவுன் பஸ்தான் எடுத்தோம். பயணிகள் கத்துவார்கள், இறங்கச் சொன்னால் இறங்க மாட்டார்கள், வண்டி அதற்காக ரூட்டை மாற்றாது. அவருக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. வாரம் ஒரு உவமை என்று மாற்றினால் நினைவு குறைந்தவர் குழம்பிப் போவார். மூளை அடிபட்டவர்களில் சிலருக்கு உவமையே பிடிபடாது, சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு அட்டை போதும்.

8. உணர்வுக்கு இடம் விடுவது

இப்போதுதான் ஏற்பு. தனியாகக் கண்ணை மூடி உட்கார வைத்துச் செய்வதைவிட, குறித்த வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே செய்வது இவர்களுக்குப் பொருந்துகிறது. கற்றதை இன்னொரு இடத்துக்கு எடுத்துப்போவது அடிபட்ட மூளைக்குக் கடினம். அறையில் பழகியது அறையிலேயே நின்றுவிடும்.

பூக்கட்டும் அம்மாவின் முதல் மாலைப்பொழுதை அப்படியே சொல்கிறேன். மருமகள் கால் படி மல்லி வாங்கி வந்து முறத்தில் கொட்டினார். வேலை இவ்வளவுதான்: அத்தை இடது கையால் மொட்டுகளை இரண்டிரண்டாக எடுத்து நீட்ட வேண்டும், மருமகள் நாரில் கட்டுவார். மணம் எழுந்ததுமே அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மருமகள் முறத்தை எடுக்கப் போனார். கொஞ்சம் இருக்கட்டும் என்று கை காட்டினேன்.

“உடம்புல எங்கம்மா இருக்கு?” இடது கை தொண்டைக்குப் போனது.

“எவ்வளவு பெருசு? எலுமிச்சையா, தேங்காயா?” இரண்டு கையையும் விரிக்க முயன்றார். தேங்காய்.

“சரி. அது அங்கேயே இருக்கட்டும். விரட்டவும் வேண்டாம், பிடிச்சு வைக்கவும் வேண்டாம். அதுக்கு இடம் விட்டுட்டு, அடுத்த ரெண்டு மொட்டை எடுங்க.”

எடுத்தார். கண்ணீர் வழிந்தது, கையும் ஓடியது. இடையில் ஒருமுறை மறுபடி அளவு கேட்டேன். இன்னும் தேங்காய்தான். குறையவில்லை என்று நான் ஒன்றும் செய்யவில்லை, குறைப்பது நோக்கமே இல்லை. அரை முழம் ஆனதும் அந்த அம்மா மருமகளின் கையைத் தட்டி நிறுத்தி, கட்டியதைத் தன் இடது கையில் சுற்றிப் பார்த்தார். அந்த வெள்ளிக்கிழமை அம்மனுக்குப் போனது அந்த அரை முழம்.

படிகள் நான்கு: எங்கே, எவ்வளவு, இருக்கட்டும், அடுத்தது. அட்டையில் இந்த நாலு சொல் எழுதிக் கொடுத்தால் வீட்டிலும் செய்வார்கள்.

எச்சரிக்கைகள் சில. மரத்துப் போன கையைக் காட்டி “கையை உணருங்கள்” என்று சொல்லாதீர்கள், இல்லாததை நினைவூட்டுவதாகும். மோட்டார் நியூரான் நோயில் மூச்சுத் தசைகள் தளர்ந்தவரை மூச்சைக் கவனிக்கச் சொன்னால் பயம் கூடும். தெருச் சத்தத்தைக் கேட்கச் சொல்லுங்கள். வலிப்பு உள்ளவரை வேகமாக ஆழ மூச்சு விட வைக்கக் கூடாது, சில வகை வலிப்பை அதுவே தூண்டும். பார்கின்சன் உள்ளவரை நிற்க வைத்துக் கண்ணை மூடச் சொல்லக் கூடாது, விழுவார். சூடான டம்ளரைப் பிடித்து உணரும் பயிற்சி என்றால் உணர்ச்சி உள்ள கையில் மட்டும், ஆறிய பிறகு.

9. வீட்டார்

ஒவ்வொரு சந்திப்பிலும் பத்து நிமிடம் பராமரிப்பவரோடு தனியாக. இரண்டு பழக்கங்களை மாற்றக் கேளுங்கள்: வாக்கியத்தை முடித்துக் கொடுப்பது, வேலையைப் பிடுங்கிச் செய்துவிடுவது. இரண்டும் பாசத்தில் செய்வதுதான். “நீங்க எட்டு மொட்டு கட்டுற நேரத்துல அவங்க ரெண்டு எடுப்பாங்க, அந்த ரெண்டுக்குக் காத்திருங்க” என்று கணக்காகச் சொன்னால் எடுத்துக்கொள்வார்கள்.

அவர்களுடைய களைப்பையும் கேளுங்கள். இரவில் மூன்று முறை எழுந்து திருப்பிப் படுக்க வைக்கும் மனைவியிடம் பொறுமையைப் பற்றிப் பேசுவது அநியாயம். தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்புப் பராமரிப்பும் தருகிறார்கள். பல வீடுகளில் இதைக் கேட்கலாம் என்பதே தெரியவில்லை. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

10. எத்தனை சந்திப்பு, எப்படி அளப்பது

ஆறிலிருந்து எட்டு வரை வைத்துக்கொள்கிறேன். பிரிட்டனில் மோட்டார் நியூரான் நோயுள்ள 191 பேரை வைத்து நடந்து 2024-ல் லான்செட் இதழில் வெளியான ஆய்விலும், வழக்கமான பராமரிப்போடு எட்டு சந்திப்பு வரை ஆக்ட் கொடுத்தார்கள். வழக்கமான பராமரிப்பு மட்டும் பெற்றவர்களைவிட ஆறாவது மாதத்தில் அவர்களுடைய வாழ்க்கைத் தரம் மேலாக இருந்தது. நோய் முற்றிக்கொண்டே போகும்போது கிடைத்த பலன் என்பதால் எனக்கு அது பெரிய விஷயம்.

‘இந்த வாரம் சோகம் எவ்வளவு’ என்று கேட்டு அளக்காதீர்கள். அப்படிக் கேட்டால் சோகத்தைக் குறைக்கத்தான் வந்திருக்கிறோம் என்று அவர் நினைப்பார், எட்டாவது படி கெட்டுப்போகும். நோட்டில் நாள்காட்டி போட்டு, குறித்த வேலை நடந்த நாளுக்கு ஒரு டிக். பக்கத்தில் விருப்பம் இருந்தால் தேங்காயா எலுமிச்சையா என்று ஒரு சொல். தேங்காய் அளவு வேதனையோடு டிக் விழுந்த நாள்தான் நான் தேடும் நாள்.

கண்டக்டர் ஐந்தாவது வாரம் டீ வாங்கினார். அரை கப். சிந்தியது. கடைக்காரர் துணியால் துடைத்துவிட்டு மறுபடி ஊற்றிக் கொடுத்தாராம். பேப்பர் படிக்க முடியவில்லை, குரல் சின்னதாகிவிட்டது, அதனால் தலைப்பை மட்டும் படிப்பது என்று அடுத்த அட்டை எழுதினோம்.

11. நோய் ஒரு படி இறங்கும்போது

பார்கின்சனில் போன வருடம் முடிந்தது இந்த வருடம் முடியாமல் போகும். அப்போது நாலாவது படிக்குத் திரும்ப வேண்டாம், முக்கியமானது மாறியிருக்காது. ஐந்தாவது படிக்கு, மடித்த தாளுக்குத் திரும்புங்கள். டீக்கடைக்கு நடக்க முடியாத நாள் வந்தால், அந்த நாலு பேரும் வாரம் ஒருநாள் திண்ணைக்கு வர முடியுமா என்று கேட்பது புதிய வேலை. அதைக் கேட்பதற்கும் வெட்கம் வரும், எட்டாவது படி மறுபடி தேவைப்படும். இழந்ததற்குத் துக்கப்பட ஒரு முழுச் சந்திப்பையே ஒதுக்குங்கள். அந்தத் துக்கத்தையே, வேலையிலிருந்து ஒளிந்துகொள்ளும் ‘தவிர்ப்பு’ என்று தவறாக எழுதிவிடக் கூடாது.

12. ஏற்கவே கூடாதவை

திடீரென்று முகம் கோணுவது, ஒரு பக்கக் கை கால் தளர்வது, பேச்சு குழறுவது: உடனே 108. மூளையில் ரத்தக்குழாய் அடைப்பாக இருந்தால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. ‘பழகிடுச்சு, இருக்கட்டும்’ என்று நோயாளி சொல்லத் தொடங்கியிருந்தால், நாம் கற்றுக்கொடுத்த ‘இருக்கட்டும்’ உணர்வுக்கு மட்டும்தான், புதிய அறிகுறிக்கு இல்லை என்று முதல் மாதத்திலேயே அட்டையில் எழுதி வீட்டில் ஒட்டச் சொல்லுங்கள்.

இல்லாத ஆட்கள் தெரிவது, ஒரே நாளில் குழப்பம் கூடுவது, ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்காத வலிப்பு, வலி திடீரென மாறுவது, வீட்டில் அடி உதை நடப்பது, இவை எதுவும் நம் நாற்காலியில் தீராதவை. வலிப்பு ஐந்து நிமிடம் தாண்டினால் அதுவும் 108-தான்.

13. முடித்த பிறகு

கடைசிச் சந்திப்பில் அட்டைகளை எல்லாம் ஒரு நூலில் கோத்து அவரிடமே கொடுத்துவிடுங்கள், நமக்குப் பிரதி போதும். மூன்றாவது மாதத்தில் ஒருமுறை, ஆறாவது மாதத்தில் ஒருமுறை பார்க்க வேண்டும். அந்தத் தேதிகளை, சுவரில் மாத்திரை அட்டவணை ஒட்டியிருக்கும் அதே தாளின் அடியில், தடித்த மார்க்கரால் எழுதிவிட்டு வாருங்கள்.